புது நம்பர் போட்ட காலண்டர்

இந்தக் கட்டைக் கொஞ்சம் உங்க மடியில வச்சுக்கறீங்களா சார்? காலண்டர்தான், அவ்வளவா கனம் இருக்காது. மேல வச்சா பிரேக் அடிக்கையில யாரு தலையிலயாவது விழுந்துரும். கீழ வைக்கவும் மனசு வரல, சாமி படம் போட்டது. முசிறி வர வரைக்கும்தான். நீங்க எது வரைக்கும்? நாமக்கல்லா? அப்ப சரி, பேசிட்டே போயிரலாம்.

இன்னொரு உதவி சார். கேக்கவே கூச்சமா இருக்கு. உங்க போன்லேர்ந்து ஒரே ஒரு கால் பண்ணிக்கட்டுமா? எம் பொண்ணுக்குத்தான். இந்தப் பட்டன் போன்லேர்ந்து அடிச்சா எடுக்க மாட்டேங்குது. என்னோட நல்ல போனு போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கு. அட, அப்படிப் பாக்காதீங்க. திருட்டுக் கேசு இல்ல, அடிதடி இல்ல. சொல்றேன், எல்லாத்தையும் சொல்றேன். முதல்ல குடுங்க, நானே நம்பரைப் போட்டுக்கறேன்.

மணி போகுது... போகுது... ம்ஹூம். எடுக்கல.

தெரிஞ்ச நம்பர்னாலும் எடுக்காது, தெரியாத நம்பர்னாலும் எடுக்காது. அப்ப எதுக்கு சார் போனு? இந்தாங்க, பிடிங்க. திருப்பிக் கூப்பிட்டுச்சுன்னா எங்கிட்டக் குடுங்க, மேகலான்னு பேரு.

நான் கல்யாணத் தரகரு. பூமாலை பெரியண்ணன்னு முசிறியில யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல, மெடிக்கல் ஷாப்புக்கு மாடியில ஆபீஸு. நான் முடிச்சு வச்ச ஜோடிங்க இந்த ரோட்டோரம் ஊருக்கு ஊர் இருக்காங்க. அவ்வளவு மரியாதையா இருந்தவன், இப்ப வாராவாரம் திங்கக்கிழமை திருச்சிக்குப் போயி சைபர் கிரைம் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட்டுட்டு வர்றேன். முன்ஜாமீன் குடுத்த கோர்ட்டு போட்ட கண்டிஷன் அது. இன்னிக்கும் போட்டுட்டுத்தான் வர்றேன். வேட்டி சட்டையைப் பாத்து ஏதோ முகூர்த்தத்துக்குப் போயிட்டு வர்றவன்னு நெனச்சிருப்பீங்க.

நான் என்ன தப்பு பண்ணேன்? நீங்களே கேட்டுட்டு சொல்லுங்க.

என் தொழில்ல சில பழக்கம் உண்டு சார், நானே உண்டாக்கினது. மத்த தரகருங்க ரெண்டு வீட்டையும் பேச விட மாட்டாங்க. விட்டா கமிஷன் போயிரும்னு பயம். நான் அப்படி இல்ல. ஜாதகம் பொருந்திருச்சா, உடனே வாட்ஸ்அப்ல ஒரு குரூப் ஆரம்பிச்சிருவேன். ரெண்டு பக்கமும் அப்பா, அம்மா, மாமா, பெரியப்பா, அத்தை, எல்லாரும் உள்ள. பிள்ளையார் படம் வச்சு, பேரு இன்னார் இன்னார் இரு வீட்டார்னு போட்டுருவேன். கேக்கறதை எல்லாம் அதுலயே கேக்கணும். பொண்ணுக்குக் கண்ணாடி உண்டா, பையனுக்கு முடி சொந்த முடியா, எதுவா இருந்தாலும் நாலு பேரு முன்னாடி கேளு, நாலு பேரு முன்னாடி பதில் சொல்லு. பின்னால ஒருத்தரு நாக்கு மேல பல்லு போட்டுப் பேசக் கூடாது. இது என் தொழில் தர்மம்.

அப்படித்தான் லால்குடி பக்கம் ஒரு பொண்ணு. வினோதினின்னு பேரு. ஒரு கம்பெனியில கணக்குப் பாக்குது. பையன் தொட்டியம், நவநீதன். பெங்களூர்ல சாப்ட்வேர். அப்பா தங்கராசு வாழைக்காய் மண்டி வச்சிருக்காரு, நல்ல பசை உள்ள இடம். பொருத்தம் அமோகமாப் பொருந்திச்சு. குரூப் ஆரம்பிச்சேன். காலையில வணக்கம், பூச்செண்டு, முருகர் படம்னு ரெண்டு வீட்டுப் பெருசுங்களும் குடும்பமாவே ஆயிட்டாங்க. பையன் எனக்குத் தனியா போன் பண்ணி, அங்கிள், பொண்ணு நம்பர் குடுங்க, பேசிப் பாக்கறேன்னான். குடுத்தேன். காலம் மாறிப் போச்சு, பேசிப் பாக்கட்டுமே. பொண்ணைக் கேட்டீங்களான்னு அந்த இன்ஸ்பெக்டரம்மா கேக்கறாங்க. ஜாதகத்தையே குடுத்தாச்சு, நம்பர் குடுக்கறதுக்கு ஒரு சம்மதமா?

பொண்ணு பாக்கப் போறதுக்கு முன்னாடி ஒருநாள் அந்தப் பொண்ணு எனக்குப் போன் பண்ணுது. குரலே சரியில்ல. அங்கிள், அவரு எனக்கு ஒரு போட்டோ அனுப்பியிருக்காருன்னுச்சு. அனுப்பட்டுமேம்மா, நீயும் ஒண்ணு அனுப்புன்னேன். அந்த மாதிரி போட்டோ இல்ல அங்கிள்னு அழுவுது. எனக்கு ஒண்ணும் புரியல. வேற எந்த மாதிரின்னு கேட்டேன். சொல்ல மாட்டேங்குது. எனக்கு இந்த வரன் வேண்டாம், அதை மட்டும் அவங்க வீட்டுல சொல்லிருங்கன்னுச்சு.

சார், பொருத்தம் பாத்து, ரெண்டு குடும்பமும் பழகி, காரணம் சொல்லாம வேண்டாம்னா என்னை என்ன நெனப்பாங்க? ஆதாரம் இல்லாம நான் போய் எப்படிக் கேக்கறதும்மா, அதை எனக்கு அனுப்புன்னேன். மாட்டேன்னுச்சு. அனுப்பினாத்தான் நான் பேச முடியும்னு கண்டிசனாச் சொன்னேன். ரொம்ப நேரம் கழிச்சு அனுப்புச்சு.

நான் டீக்கடையில நிக்கறேன். கண்ணாடியைப் போட்டுட்டுத் தொறந்து பாக்கறேன். சார், எப்படிச் சொல்றது உங்ககிட்ட. ஆம்பளைக்கு ஆம்பளை சொல்றதுக்கே நா கூசுது. முகம் இல்ல. முகம் தவிர... விடுங்க. டீ கிளாஸை அப்படியே வச்சுட்டேன். படிச்ச பையன், மாசம் லட்ச ரூபா வாங்கறவன், நெத்தியில விபூதி வச்ச போட்டோ எங்கிட்டக் குடுத்தவன். அருவருப்பா இருந்துச்சு. கோவமும் வந்துச்சு. அந்தப் பொண்ணுக்காகத்தான் சார் கோவம் வந்துச்சு, அதை யாரும் நம்ப மாட்டேங்கறாங்க.

அந்தக் கோவத்துலதான் அதைக் குரூப்ல போட்டேன்.

என்ன சார், முகத்தைத் திருப்பிக்கிட்டீங்க? வேற எங்க போடறது? எந்த விஷயமா இருந்தாலும் ரெண்டு வீட்டாரு முன்னாடி வைக்கறதுதானே என் பழக்கம்? படத்தைப் போட்டு, கீழ மரியாதையா எழுதினேன். வினோதினி அவர்களின் செல்லிலிருந்து பெறப்பட்டது, மாப்பிள்ளை வீட்டார் இதற்கு விளக்கம் அளிக்கவும். கும்பிடற கை ரெண்டும் போட்டேன். எவ்வளவு நாகரிகமாக் கேட்டிருக்கேன் பாருங்க.

டிக்கெட்டா? நான் முசிறி ஒண்ணு எடுத்துட்டேன் கண்டக்டர். சாரு நாமக்கல்.

அப்புறம் என்ன ஆச்சுங்கறீங்களா? யாரும் விளக்கம் குடுக்கல. வெளியேறினார், வெளியேறினார்னு ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டாங்க. அந்தப் பொண்ணோட பெரியப்பா வெளியேறினாரு, மாமா வெளியேறினாரு, சிங்கப்பூர்லேர்ந்து பையனோட அத்தை வெளியேறினாங்க. பொண்ணோட அம்மா மயக்கம் போட்டு விழுந்துட்டாங்களாம். எல்லாரும் போனதுக்கப்புறம் நானும் பிள்ளையாரும்தான் குரூப்ல இருந்தோம்.

அதோட நின்னிருந்தா பரவால்ல. போறவன் சும்மா போகாம எவனோ அதை வெளிய அனுப்பிட்டான். நான் எழுதினது அப்படியே சேந்து போயிருச்சு. வினோதினி செல்லிலிருந்துன்னு. ஏதோ அதுவே விரும்பி வாங்கி வச்சிருந்த மாதிரி பேச ஆரம்பிச்சுட்டாங்க. அது வேலை பாக்கற எடத்துல ஒருத்தன் போனை நீட்டி, இது உங்க மாப்பிள்ளையாமேன்னு கேட்டிருக்கான். பாவம்தான். நான் இல்லேங்கல. நான் எழுதினது தப்பில்ல, படிச்சவங்க புத்தி தப்பு.

தங்கராசு என்னைக் கூப்பிட்டு, பெரியண்ணே, பையன் ஏதோ வயசுக் கோளாறுல பண்ணிட்டான், விஷயத்தைப் பெருசாக்க வேண்டாம், கல்யாணத்தை முடிச்சிருவோம், எல்லா வாயும் மூடிக்கும்னாரு. நல்ல மனசு சார். வேற யாராச்சும் அப்படி இறங்கி வருவாங்களா? ஆப்பிள், மாதுளம்பழம், பூ, சேலை எல்லாம் தட்டுல வச்சு எடுத்துக்கிட்டு லால்குடிக்குப் போனோம். பொண்ணோட அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அவரு சரின்னு சொல்ற பதத்துல இருந்தாரு, எனக்குத் தெரியும், எத்தனை அப்பாவைப் பாத்திருக்கேன். அப்ப அந்தப் பொண்ணு உள்ளேர்ந்து வந்துச்சு. தட்டையும் பாக்கல, தங்கராசையும் பாக்கல. நேரா எங்கிட்ட வந்து நின்னுச்சு.

"அங்கிள், என் நம்பரைக் குடுங்கன்னு நான் கேட்டேனா? அதை அனுப்புன்னு அவன்கிட்ட கேட்டேனா? குரூப்ல போடுங்கன்னு உங்ககிட்ட கேட்டேனா?"

பெரியவங்க இருக்கற சபையில இப்படியா கேக்கறது? தட்டோட திரும்பி வந்துட்டோம். அது நேரா ஸ்டேஷனுக்குப் போயிருச்சு. கேசுல முதல் ஆளு நவநீதன். ரெண்டாவது ஆளு நான்.

நான்! பொம்பளைப் புள்ளையைப் பெத்து வளத்தவன்!

ஸ்டேஷன்ல அந்த இன்ஸ்பெக்டரம்மா சட்டத்தை எடுத்துச் சொன்னாங்க. கேக்காத பொண்ணுக்கு இந்த மாதிரி படத்தைக் காட்டறதே பாலியல் தொல்லையாம், ஜெயில் உண்டாம். அது அந்தப் பையனுக்கு. கம்ப்யூட்டர், போனு வழியா ஆபாசத்தை அனுப்பறதுக்கு ஐ.டி. சட்டத்துல அறுபத்தேழுன்னு ஒண்ணு இருக்காம். அது எனக்கும் சேத்து. அம்மா, நான் நியாயம் கேக்கத்தானே அனுப்பினேன்னேன். நீங்க எதுக்கு அனுப்பினீங்கங்கறது உங்க மனசுல இருக்கு, அதை யாரெல்லாம் பாக்க வேண்டி வந்துச்சுங்கறது அவங்க போன்ல இருக்குன்னாங்க. படிச்சவங்க எப்படியும் பேசலாம்.

நொச்சியம் தாண்டிருச்சா? காத்து நல்லா வருது. கட்டு அழுத்துதா சார்? கொஞ்சம் சாச்சு வச்சுக்கங்க.

என்னைப் பத்தி நல்லவிதமா சொல்ல ஒரு ஆளு வேணும்னு வக்கீலு சொன்னாரு. யாரைக் கூட்டிட்டுப் போறது? சொந்தப் பொண்ணை விட வேற யாரு சார்? மேகலாவைக் கூட்டிட்டுப் போனேன். ஏன்னா அதுவும் என் தொழில்ல ஒரு பங்கு. அந்தக் கதையைச் சொல்லணும் உங்களுக்கு. அதுவும் என் யோசனைதான்.

வரன் தேடற வீட்டுல அம்மாக்கள்தான் சார் எல்லாம். ஆனா அவங்க ஒரு ஆம்பளைத் தரகர்கிட்ட மனசு விட்டுப் பேச மாட்டாங்க. அதனால பாப்பா காலேஜ்ல சேந்ததும், புதுப் போனு வாங்கிக் குடுத்து, அந்த நம்பரைக் கார்டுல அடிச்சேன். பெண்கள் தொடர்புக்கு, செல்வி மேகலா. பஸ் ஸ்டாப் சுவத்துல எழுதினேன், ஆட்டோ முதுகுல ஒட்டினேன், வருஷா வருஷம் காலண்டர்ல போட்டேன். என் தொழில் அதுலதான் சார் நிமிந்துச்சு. மேகலா பேசினா அம்மாக்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பர் தொங்காத சுவரு எங்க தாலூகாவுல இல்ல.

முதல்ல நல்லாத்தான் பேசிட்டிருந்துச்சு. போகப் போக போனைக் கண்டாலே மூஞ்சி சுருங்கிரும். மேசையில கவுத்து வைக்கும். ஒருநாள் அரிசி டிரம்முக்குள்ள போட்டு மூடி வச்சிருக்கு, எங்க வீட்டுக்காரி சரோஜா உலை வைக்க அரிசி அள்ளப் போனா உள்ளேர்ந்து போனு அடிக்குது. நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். அது சிரிக்கல. ஏம்மா இப்படின்னு கேட்டா, சத்தம் தாங்கலப்பான்னுச்சு. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குப் பொறுமை எங்க இருக்கு?

ஒரு தடவை, காலேஜ் முதல் வருஷம்னு நெனைக்கிறேன், எங்கிட்ட வந்து, அப்பா, ஒரு மாதிரி படமெல்லாம் வருதுப்பான்னுச்சு. நான் ஒரு நிச்சயதார்த்த வேலையில இருந்தேன். ராங் நம்பரா இருக்கும், அழிச்சுட்டு வேலையைப் பாரு, எவன்கிட்டயும் கோவமாப் பேசி கஸ்டமரை விட்டுறாதன்னு சொன்னேன். பக்குவமாத்தானே சொல்லியிருக்கேன்? அதுக்கப்புறம் ஒரு தடவை கூட அதைப் பத்தி வாயைத் தொறக்கல. சொன்னதைப் புரிஞ்சுக்கற பொண்ணு. அதான் ஸ்டேஷனுக்கும் தைரியமாக் கூட்டிட்டுப் போனேன்.

இன்ஸ்பெக்டரம்மா என் கார்டைக் கையில வச்சுக்கிட்டு இருந்தாங்க. பாப்பாவைப் பாத்து, இது உன் நம்பராம்மான்னு கேட்டாங்க. ஆமாங்க மேடம்னுச்சு. எத்தனை வருஷமா இதுல இருக்கு? காலேஜ் சேந்ததுலேர்ந்து மேடம். அந்தம்மா பேனாவைக் கீழ வச்சாங்க. அப்புறம் மெதுவா கேட்டாங்க.

"வேண்டாதது ஏதாச்சும் வருமாம்மா?"

பாப்பா என்னைப் பாத்துச்சு சார்.

அந்தப் பார்வையை நான் இன்னிக்கு வரைக்கும் மறக்கல. கோவமா, அழுகையா, ஒண்ணும் சொல்ல முடியல. சின்னதுல திருவிழாக் கூட்டத்துல என் கையை விட்டுட்டு ஒருதடவை தொலைஞ்சு போச்சு. கண்டுபிடிச்சப்ப அழுவாம அப்படித்தான் பாத்துச்சு.

நான்தான் பதில் சொன்னேன். அதெல்லாம் ஒண்ணும் வராது மேடம், எல்லாம் குடும்பப் பெரியவங்க பேசற நம்பருன்னேன். பாப்பா கைப்பையைத் தொறந்துச்சு. நான் வாங்கிக் குடுத்த பழைய போனு. எப்பவோ கெட்டுப் போச்சுன்னு சொன்ன போனு சார் அது. அதை எடுத்து மேசையில வச்சுட்டு, அப்பா வெளிய இருக்கட்டும் மேடம்னுச்சு.

வெளிய பெஞ்சுல உக்காந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியாது. ஒரு பொம்பளைக் கான்ஸ்டபிள் உள்ள தண்ணி கொண்டு போனாங்க. திரும்பி வரையில என்னை ஒரு மாதிரி பாத்துட்டுப் போனாங்க. கடைசியில பாப்பா வந்துச்சு. முகம் கழுவியிருந்துச்சு. என்னம்மா காட்டினேன்னு கேட்டேன்.

"ஒண்ணும் இல்லப்பா. எல்லாம் நம்ம கஸ்டமருங்கதான்."

அவ்வளவுதான் சொல்லுச்சு. பஸ்ல என் பக்கத்துல உக்காரல. லேடீஸ் சீட்டுல போய் உக்காந்துக்கிச்சு. வீட்டுக்கு வந்து துணிமணியை எடுத்துக்கிட்டு, திருச்சியில ஒரு ஹாஸ்டல்ல சேந்துக்கறேன், வேலைக்கு அங்கேர்ந்தே போயிக்கறேன்னு கெளம்பிருச்சு. அன்னிலேர்ந்து எங்கிட்டப் பேச்சில்ல. நம்பரை மாத்திருச்சு. அந்த வினோதினியும் இதுவும் இப்ப சிநேகமாம். ரெண்டும் சேந்து கோர்ட்டுக்குப் போகுதுங்களாம். எம் பொண்ணு, எனக்கு எதிர்ப் பக்கத்துல உக்காரப் போகுது.

இதுல இன்னொரு கூத்து. அதுக்கப்புறம் என் பழைய கஸ்டமருங்க நாலஞ்சு பேரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்காங்க. பெரிய மனுஷங்க சார். பேரன் பேத்தி எடுத்தவரு ஒருத்தரு, நான் சம்பந்தம் பேசி வச்ச வீடு. என்னைப் பாத்தா தெருவுல அந்தப் பக்கம் ஒதுங்கிப் போறாரு. எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு அவங்களும் சொல்லல. நானும் கேக்கல.

கேக்கலாம்தான். அந்தப் போன்ல என்ன இருந்துச்சுன்னு அந்த இன்ஸ்பெக்டரம்மாவையே கேக்கலாம். இன்னிக்குக் கூட கையெழுத்துப் போடையில வாய் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் நெனச்சேன், என்னத்த இருக்கப் போகுது, ஜாதகம் இருக்கும், பையன் போட்டோ இருக்கும். தொழில்னா போட்டோ வரத்தானே செய்யும்? கேக்காமலே வந்துட்டேன். ஆனா சாப்பாடு இறங்க மாட்டேங்குது சார். எனக்குக் கேசு பெருசில்ல. அபராதம்னா கட்டறேன், உள்ள போகணும்னா போறேன். எம் பொண்ணு எங்கிட்டப் பேசணும். அப்பான்னு ஒரு தடவை கூப்பிடணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்.

புது நம்பர் எப்படிக் கெடைச்சுதுங்கறீங்களா? அதைக் கேளுங்க. சரோஜாவுக்கு மட்டும் குடுத்திருக்கு. அவகிட்டக் கேட்டா எனக்குத் தெரியாதுன்னு சாதிக்கறா. முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவன் சார் நான். அவ குளிக்கப் போனப்ப போனை எடுத்துப் பாத்தேன். மேகலான்னு இல்ல. பாப்பான்னு இல்ல. கேஸ் சிலிண்டர் புக்கிங்னு ஒரு பேரு, அதுக்குத் தினமும் அரை மணி நேரம் பேசியிருக்கா. எந்தக் கேஸ் கம்பெனிக்காரன் சார் அரை மணி நேரம் பேசுவான்? சட்டுனு குறிச்சுக்கிட்டேன். புருஷனுக்குத் தெரியாம இப்படியெல்லாம் ஒளிக்கறதுல என்ன சந்தோஷமோ.

குணசீலம் வந்துருச்சு. பெருமாளே. எம் பொண்ணுக்கு நல்ல புத்தியைக் குடு.

ஆமா, பேச்சுல கேக்க மறந்துட்டேனே, உங்களுக்குக் கல்யாண வயசுல யாராச்சும்? தங்கச்சியா? அப்படிச் சொல்லுங்க! இவ்வளவு நேரம் இதைச் சொல்லாம வந்தீங்களே. கட்டுலேர்ந்து ஒரு காலண்டர் உருவிக்கங்க. பரவால்ல, உருவுங்க. சிவகாசியில அடிச்சு வருது, கீழ நம்ம பேரு மட்டும் திருச்சி பிரஸ்ல அடிக்கறது. இன்னிக்குத்தான் வாங்கினேன், மை வாசனை கூட போகல. முருகர் முகத்துல என்ன களை பாருங்க. கீழ படிங்க. பூமாலை திருமணத் தகவல் மையம். பெண்கள் தொடர்புக்கு, செல்வி மேகலா. பக்கத்துல இருக்கற நம்பரைப் பாருங்க.

ஆமா சார், அதேதான். இப்ப உங்க போன்லேர்ந்து அடிச்சேனே, அந்தப் புது நம்பர்.

அதுக்குத் தெரியாது. தெரிஞ்சா சந்தோஷப்படும். ஊரு முழுக்க இத்தனை நடந்தும், அப்பா நம்மளை விட்டுக் குடுக்கல, நம்ம பேரை எடுக்கல, எப்பவும் போல பெரிய எழுத்துல போட்டிருக்காருன்னு மனசு இளகிரும். அப்புறம் கஸ்டமர் ரெண்டு பேரு கூப்பிட்டுப் பேசினா பழைய மாதிரி ஆயிரும். தை பொறக்கறதுக்குள்ள வீட்டுக்கு வீடு மாட்டிருவேன்.

சார், ஒண்ணு தோணுது. போனைத்தானே எடுக்கல. இந்தக் காலண்டரை உங்க போன்ல ஒரு போட்டோ எடுத்து அதுக்கு அனுப்பினா என்ன? போட்டோன்னா தொறந்து பாக்காம எப்படி இருக்கும்? குடுங்க குடுங்க, நானே எடுக்கறேன். நீங்க காலண்டரை நேராப் பிடிங்க. பஸ்ஸு ஆடுது. ஆங், அப்படித்தான். நம்பர் தெளிவா விழுந்துருச்சு. கீழ எழுதறேன். மேகலா, அப்பா. புது காலண்டர் பார். கும்பிடற கை ரெண்டு.

போயிருச்சு. பாருங்க, போய்ச் சேந்துருச்சு.

நீலமாயிருச்சு சார்! ரெண்டு கோடும் நீலமாயிருச்சு! பாத்துட்டா! எம் பொண்ணு பாத்துட்டா! சொன்னேன்ல, போட்டோன்னா பாக்கும்னு. இப்ப அடிக்கறேன், இப்ப எடுக்கும் பாருங்க. இப்ப எடுத்துரும்.

ஸ்விட்ச் ஆஃப்னு சொல்லுது.

இப்பத்தானே பாத்துச்சு? சார்ஜ் தீந்திருக்கும். ஹாஸ்டல்ல கரண்டு இல்லையோ என்னமோ. வீட்டுக்குப் போய் சரோஜா போன்லேர்ந்து பேசிக்கறேன். நீங்க அந்தக் காலண்டரை மடங்காம சுருட்டிக்கங்க, தங்கச்சிகிட்ட மறக்காம...

என்ன சார், கட்டைத் தூக்கி என் மடியில வைக்கறீங்க? உருவின காலண்டரையும் திருப்பி உள்ளயே செருகறீங்க? இன்னும் முசிறி வரலையே சார்.